சீப்பு பிடித்த கைக்குத்தான் முதலில் தெரியும்

கேள்வி: காங்கயத்துக்குத் தெற்கே தோட்டத்துச் சாளையில் நானும் என் வீட்டுக்காரரும் இருக்கிறோம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், அடுக்குமாடி வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை என்று தன்னுடைய கோல்டன் ரெட்ரீவர் நாயை ஆறு மாதங்களுக்கு முன் எங்களிடம் விட்டுச் சென்றான். பெயர் சிம்பா, வயது 3. வீடு முழுக்க முடி. நாங்கள் தலைக்குப் போடும் ஷாம்பைப் போட்டே வாரம் இரண்டு முறை குளிப்பாட்டுகிறேன். இருந்தும் சொறிந்துகொண்டே இருக்கிறான், நாற்றமும் போகவில்லை. நாய்களுக்கு முடி வெட்டும் கடை ஒன்றில் கேட்டதற்கு, வெயில் காலம் வருகிறது, மொட்டை அடித்துவிடலாம் என்கிறார்கள். உண்ணிக்கு மாட்டு மருந்தையே அடித்தால் போதும் என்கிறார் தோட்டத்து ஆள். காவலுக்கு மணி என்று ஒரு நாட்டு நாயும் உண்டு. அவனை இதுவரை யாரும் குளிப்பாட்டியதில்லை. “நாய்க்கு எதுக்குங்க இத்தனை சீராட்டு?” என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். இதையெல்லாம் வீட்டிலேயே செய்ய முடியுமா? நாயின் உடம்புக்கு இதனால் நன்மை உண்டா, அல்லது எல்லாம் அழகுக்கு மட்டும்தானா?

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அவருடைய காளைகளை வைத்து அதே கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்டுப் பாருங்கள். கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டிப் போகும் முன்பும், மாட்டுப் பொங்கலன்று காலையிலும், தண்ணீர்த் தொட்டியடியில் காளையை நிறுத்தி வைக்கோலைச் சுருட்டி முதுகிலிருந்து வால் வரை தேய்த்துக் கழுவுகிற விவசாயி, அந்தத் தேய்ப்பிலேயே மாட்டைச் சோதித்து முடித்துவிடுகிறார். தொடை இடுக்கில் உண்ணி ஏறியிருக்கிறதா, நுகத்தடி படும் இடத்தில் வீக்கம் இருக்கிறதா, போன மாதத்தைவிட விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறதா என்பதெல்லாம் அவருக்குக் கண்ணுக்கு முன் கைக்குத் தெரிந்துவிடும். அதை யாரும் சீராட்டு என்று சொல்வதில்லை. பண்டம்பாடியைப் பார்த்துக்கொள்வது என்றுதான் சொல்கிறோம். நாயைச் சீவுவதும் அந்த வேலைதான். அழகு அதில் கிடைக்கும் கொசுறு.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் நாய்க்குச் செய்யும் பராமரிப்பு என்றதும் நம் மனதில் வருவது சோப்பும் தண்ணீர்க் குழாயும்தான். என் அனுபவத்தில் குளியலுக்கு இதில் மிகச் சிறிய பங்குதான். பெரும்பங்கு சீப்புக்கும் அதைப் பிடித்திருக்கும் கைக்கும் உரியது. சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை விட்ட ஒரு வாரத்தில், வெள்ளைப் பொமரேனியன் நாய் ஒன்றைப் பூத்துண்டில் சுற்றி என் மருத்துவமனைக்குத் தூக்கி வந்தார்கள். ஞாயிறு தவறாமல் குளிப்பாட்டிப் பவுடர் போடுகிற வீடு அது. நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, ஏதோ வாடை வருகிறது என்றார்கள். இடது காதுக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவுக்கு முடி சடைபிடித்திருந்தது. மின்கத்தரியை அதன் அடியில் நுழைத்ததும் சடை முழுவதும் நனைந்த கம்பளித் துண்டுபோல் ஒரே வில்லையாகக் கழன்று வந்தது; அதன் அடியில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குக் குழிந்த புண்ணும், அதற்குள் நெளியும் புழுக்களுமாக இருந்தன. ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அது நன்றாகக் குளித்த நாய்தான், சீவாத நாய். சடையை அப்படியே வைத்துக்கொண்டு மேலே தண்ணீர் ஊற்றும்போது சிக்கு இன்னும் இறுகுகிறது, அடியில் உள்ள ஈரம் நாள்கணக்கில் காய்வதில்லை, சிறு கீறல் இருந்தாலும் ஈ வந்து உட்கார அதுவே போதும்.

இனி சிம்பாவுக்கு வருவோம். கோல்டன் ரெட்ரீவருக்கு முடி இரண்டு அடுக்கு. வெளியே தெரிவது நீளமான, சற்றுத் தடித்த மேல்முடி. அதன் அடியில் பஞ்சைப் பரப்பியதுபோல் அடர்ந்த உள்முடி. உங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் உருண்டு திரிவது பெரும்பாலும் இந்த உள்முடிதான். உதிர்ந்த உள்முடி முழுவதும் கீழே விழுந்துவிட்டால் நல்லது. பாதிக்கு மேல் மேல்முடிக்குள் சிக்கித் தோலோடு அப்பிக்கொள்கிறது. அப்போது தோலுக்குக் காற்றுப் போவதில்லை, தோலில் சுரக்கும் எண்ணெய் முடியின் நுனி வரை பரவாமல் அடியிலேயே தேங்குகிறது, நாற்றமும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. மேலோட்டமாக முதுகை மட்டும் வாரிவிட்டால் நாய் பளபளப்பாகத் தெரியும், ஆனால் அடியில் ஒன்றும் மாறியிருக்காது.

ஆகையால் தோலிலிருந்து தொடங்கிச் சீவ வேண்டும். வளைந்த மெல்லிய கம்பிப் பற்கள் கொண்ட ஸ்லிக்கர் பிரஷ் ஒன்றும், அகலப் பற்கள் உள்ள உலோகச் சீப்பு ஒன்றும் போதும். கத்திபோன்ற பல் வைத்து உதிர்முடி எடுக்கும் கருவிகள், பழகாத கையில் மேல்முடியையும் சேர்த்து அறுத்துவிடுகின்றன என்பதால் அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. வெயில் தாழ்ந்த பிறகு திண்ணையில் சிம்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடது உள்ளங்கையால் முடியை மேல்நோக்கி ஒதுக்கிப் பிடியுங்கள். வகிடு எடுத்ததுபோல் தோல் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் அடியில் உள்ள முடியை மட்டும் கீழ்நோக்கி வாருங்கள், பிறகு கையை ஒரு விரற்கடை மேலே நகர்த்தி அடுத்த கோட்டை எடுங்கள். எவ்வளவு அழுத்துவது என்று தெரியவில்லை என்றால் பிரஷை முதலில் உங்கள் முன்கையின் உட்புறத்தில் இழுத்துப் பாருங்கள். உங்களுக்குச் சிவக்கும் அழுத்தம் அவனுக்கும் அதிகம். வாரத்தில் 3 நாள், ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் போதுமானது. கொத்துக் கொத்தாக முடி கொட்டும் பருவத்தில் மட்டும் தினமும் செய்யுங்கள்.

சிக்கு விழும் இடங்கள் எல்லா நீள்முடி நாய்களுக்கும் ஒன்றுதான்: காதுக்குப் பின்புறம், கழுத்துப் பட்டையின் அடி, அக்குள், தொடை இடுக்கு, வாலின் அடிப்புறம். விரலால் பிரித்தும் வராத சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டுவதாக இருந்தால், முதலில் சீப்பைத் தோலுக்கும் சிக்குக்கும் நடுவே செருகிவிட்டு, சீப்புக்கு மேலே உள்ளதை மட்டும் வெட்டுங்கள். நாயின் தோல் நம் தோலைப்போல் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. சிக்கை இழுத்தால் தோலும் கூடவே கூடாரம்போல் எழும்பி வரும். அப்படி வெட்டுப்பட்டுத் தையல் போட வரும் நாய்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

உங்கள் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காடுகளில், மேயப்போன ஆட்டின் வாயோரத்தில் கொழுக்கட்டைப் புல்லின் கதிர் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிம்பாவின் காலுக்குப் பின்புறம் சிறகுபோல் தொங்கும் சிறகுமுடியிலும் விரலிடுக்கிலும் அதுவும் நெருஞ்சி முள்ளும் ஏறாமல் இருக்காது. விரலிடுக்கில் புகுந்த ஊசிபோன்ற புல் விதை தோலைத் துளைத்து உள்ளே போய்ச் சீழ் வைக்கும். நாய் ஒரே பாதத்தை விடாமல் நக்குவதுதான் முதல் அறிகுறி. தோட்டத்தைச் சுற்றி வந்ததும் நான்கு பாதங்களையும் விரித்துப் பார்க்கும் பழக்கம் ஒன்றே பல புண்களைத் தடுத்துவிடும்.

சீவி முடித்ததும் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, மூக்கிலிருந்து வால் நுனி வரை இரண்டு கைகளாலும் ஒருமுறை தடவிப் பாருங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்த நாள்களில் எங்கள் ஆசிரியர் ஒருவர், நோயாளி மேசைக்கு வந்ததும் முதல் இரண்டு நிமிடம் வாயைத் திறக்கவே விடமாட்டார். கை பேசட்டும் என்பார். அந்தப் பழக்கம் வீட்டில் உள்ளவர்களுக்கும் கைவரும், ஏனென்றால் எனக்கு ஆண்டில் இரண்டு முறை கிடைக்கும் நாய் உங்கள் கைக்கு வாரம் மூன்று முறை கிடைக்கிறது. தாடைக்கு அடியில், தோளுக்கு முன்னால், முழங்காலுக்குப் பின்னால் நெறிக்கட்டு தட்டுப்படுகிறதா, தோலுக்கு அடியில் போன வாரம் இல்லாத உருண்டை இருக்கிறதா, விலாவை லேசாக அழுத்தினால் எலும்பு தெரிகிறதா, கொழுப்பில் புதைந்திருக்கிறதா என்று பாருங்கள். நீள்முடி நாய்க்கு இது மிகவும் தேவை. முடி அடர்த்தியில் மெலிவும் தெரியாது, தொப்பையும் தெரியாது. பெண் நாயாக இருந்தால், அதிலும் கருத்தடை செய்யாததாக இருந்தால், மடிக்காம்பு வரிசையை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்க்க வேண்டும். அங்கே வரும் கட்டியைப் பட்டாணி அளவில் கொண்டுவந்தால் செய்யக்கூடியது பல. தேங்காய் அளவில் கொண்டுவந்தால் செய்யக்கூடியது குறைவு.

குளியலில்தான் உங்களை நான் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. வாரம் இரண்டு முறை என்பது மிக அதிகம், அதுவும் நம் ஷாம்பு என்றால் இரட்டைத் தவறு. நம் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது. நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது, மேல்தோலும் நம்முடையதைவிட மெல்லியது. நமக்கென்று தயாரித்த ஷாம்பைத் திரும்பத் திரும்பப் போடும்போது தோலைக் காக்கும் எண்ணெய்ப் படலம் கழுவப்பட்டுவிடுகிறது. தோல் வறண்டு, பொடுகு தட்டி, அரிப்பெடுக்கிறது. அரிப்புக்காகக் குளிப்பாட்டக் குளிப்பாட்ட அரிப்பு கூடுவதன் காரணங்களில் இது ஒன்று. அரப்பும் சீயக்காயும் இயற்கையானவை ஆயிற்றே என்று இந்தப் பக்கத்தில் பலரும் கேட்கிறார்கள். நம் தலைக்கு அவை அருமையானவைதான். ஆனால் பொடி உள்முடிக்குள் தங்கிவிட்டால் அலசி எடுப்பது கடினம், கண்ணில் பட்டால் எரிச்சலும் கடுமையாக இருக்கும். நாய்க்கென்று விற்கும் மென்மையான ஷாம்பு ஒன்றை வாங்கி, 3 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை குளிப்பாட்டினால் போதும். இடையில் சேற்றில் புரண்டு வந்தால் வெறும் தண்ணீரில் கால்களை அலசிவிடுங்கள்.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். உங்கள் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் ஷாம்பு நுரைப்பதும் இல்லை, எளிதில் அலசுப்படுவதும் இல்லை. கடைசி அலசலுக்கு மட்டுமாவது குடிநீரோ, தொட்டியில் பிடித்த மழைநீரோ இரண்டு வாளி ஒதுக்குங்கள். ஷாம்பை நேரடியாக முதுகில் ஊற்றாமல் ஒரு சொம்புத் தண்ணீரில் கலக்கி ஊற்றுங்கள். காதில் தண்ணீர் இறங்காமல் பஞ்சு வையுங்கள், முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். தேய்த்த நேரத்தைப் போல் இரண்டு மடங்கு நேரம் அலச வேண்டும். அதைவிட முக்கியமானது துவட்டுவது. மேலே கை வைத்தால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்முடியைப் பிரித்துப் பார்த்தால் ஈரம் சொட்டும். கோல்டனுக்கு அந்த ஈரத்தில்தான் ஒரே இரவில் உள்ளங்கை அளவுக்குச் சிவந்து நீர் வடியும் புண் கிளம்புகிறது. முந்தின நாள் ஒன்றுமில்லையே என்று அதிர்ந்துபோய் வருவார்கள். ஆகவே குளியலை முற்பகலில் வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று துண்டுகளால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக்கு எதிரில் உட்காரவைத்துச் சீவிக்கொண்டே காயவிடுங்கள். மார்கழிக் குளிரில் ஒரு மாதம் குளிப்பாட்டாமல் விட்டாலும் குற்றமில்லை.

மொட்டை வேண்டாம். நாய்க்கு நம்மைப்போல் உடம்பு முழுவதும் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஆகையால் முடியை எடுத்துவிட்டால் நமக்குத் தலை குளிர்வதுபோல் அதற்குக் குளிர்வதில்லை. மாறாக, சித்திரை வெயிலை மறித்துக்கொண்டிருந்த மேல்முடி போய்விட, வெளிர்ந்த தோல் நேரடியாகக் காய்கிறது. இரட்டை அடுக்கு முடி மழித்த பின் ஒரே சீராக வளராமல் திட்டுத்திட்டாக நின்றுவிடுவதும் உண்டு. விரல்களுக்கு இடையில் வளர்ந்த முடி, ஆசனவாயைச் சுற்றியுள்ள முடி, கால்களின் பின்புறத்துச் சிறகுமுடியின் நுனி ஆகியவற்றை வெட்டிவிட்டால் கோடைக்கு அது போதும். தோல் நோய்க்காகவோ, பிரிக்கவே முடியாத சடைக்காகவோ மருத்துவர் மழிக்கச் சொன்னால் அது வேறு. மற்றபடி உதிர்முடியை வாரி எடுத்த நாய்தான் கோடையில் குளிர்ந்த நாய், கூடவே நிழலும் தண்ணீரும் இருந்தால்.

உண்ணி விஷயத்தில் தோட்டத்து ஆள் சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். மாட்டுக்கான மருந்தைக் கலக்கும் அளவு மாட்டைக் கணக்கில் வைத்தது. மேலும் நாய் தன் உடம்பை நக்கும். அடித்த சில மணி நேரத்தில் எச்சில் ஒழுக, கால் தள்ளாட, உடல் நடுங்கத் தூக்கி வரப்பட்ட நாய்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே அடித்திருந்தால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு, மருந்துப் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மண்ணெண்ணெய், கழிவு ஆயில், புழுப்புண்ணில் பொடித்து வைக்கும் பாச்சா உருண்டை, பேனுக்குப் பூசும் சீத்தாப்பழ விதைப் பொடி ஆகிய நான்கையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். சீத்தா விதைப் பொடி கண்ணில் பட்டால் கண்ணின் முன்புறத்தில் உள்ள கருவிழிப் படலத்தையே புண்ணாக்கும். தடவுகிற கைக்குச் சொந்தக்காரரின் கண்ணுக்கும் அதே ஆபத்துதான்.

நாய்களில் நாம் அதிகம் காணும் பழுப்பு உண்ணி, தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. இரத்தம் குடித்து உளுந்துபோல் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் சாக்கு மடிப்பிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நாயின் மேல் இருப்பதை மட்டும் பிடுங்கிக்கொண்டிருந்தால் தீராது. படுக்கைச் சாக்கை மாற்றிக் கொதிநீரில் போடுங்கள், சுவர் வெடிப்பைச் சிமெண்டால் பூசுங்கள், நாய் படுக்கும் மூலைக்கு எந்த மருந்தைத் தெளிப்பது என்று மருத்துவரைக் கேளுங்கள். சீவும்போது காது மடலின் உட்புறம், கழுத்துப் பட்டையின் அடி, விரலிடுக்கு, அக்குள், வாலடி ஆகிய இடங்களைப் பாருங்கள். உண்ணி கிடைத்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நிதானமாக நேரே இழுத்து, ஸ்பிரிட் ஊற்றிய டப்பாவில் போடுங்கள். தீக்குச்சியால் சுடுவதும் நகத்தால் நசுக்குவதும் வேண்டாம்.

உண்ணி இரத்தத்தைக் குடிப்பதோடு நின்றுவிட்டால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். எர்லிக்கியா, பபீசியா என்னும் நோய்க்கிருமிகளை நாயின் இரத்தத்தில் விட்டுச் செல்வது அதுதான். காய்ச்சல், தீனியில் மனம் இல்லாமை, வெளுத்த ஈறு, அடிவயிற்றில் கொசு கடித்ததுபோன்ற செம்புள்ளிகள், மூக்கில் இரத்தம், காப்பி நிறத்தில் சிறுநீர் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். தடுப்புக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தும் உண்டு, மாதம் ஒன்றாகவோ மூன்று மாதத்துக்கு ஒன்றாகவோ கொடுக்கும் மாத்திரையும் உண்டு. சொட்டு மருந்து என்றால் முன்னும் பின்னும் 2 நாள் குளிப்பாட்டக் கூடாது. மாத்திரைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் வலிப்பு வந்த நாய்க்கு அதை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. வீட்டில் பூனை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. பூனைக்கு அது உயிர்கொல்லி.

காதுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொங்கு காது, போதாததற்குத் தண்ணீர்ப் பைத்தியம் பிடித்த இனம், பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசன) வாய்க்காலில் தண்ணீர் விடும் நாள்களில் சிம்பாவைக் கரையில் நிறுத்தி வைக்க உங்களால் முடியாது. நீந்திவிட்டு வந்ததும் காதின் உட்புறத்தைப் பஞ்சால் துடையுங்கள், வாரம் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். புளித்த மாவு வாடையோ பழுப்பு அழுக்கோ இருந்தால் மருந்து தேவை. நாயின் காதுக்குழாய் நேராகப் போகாமல் இறங்கி மடங்குவதால், பட்ஸ் குச்சி அழுக்கை உள்ளேதான் தள்ளும். காய்ச்சிய எண்ணெய் விடுவதும் ஆகாது.

நகத்துக்கு அடையாளம் சத்தம். சிமெண்டுத் தரையில் நடக்கும்போது டக் டக் என்று கேட்டால் வளர்ந்துவிட்டது என்று பொருள். நீண்ட நகம் விரலை மேலே தள்ளி நடையை மாற்றுகிறது, வயதான நாய்க்கு மூட்டுவலியைக் கூட்டுகிறது. தொழிலுக்கு வந்த புதிதில், மிடுக்காக ஒரே வெட்டில் கறுப்பு நகம் ஒன்றை நறுக்கிவிட்டு, வெள்ளை மொசைக் தரையில் வாசல் வரை இரத்தச் சொட்டுகளைப் பின்தொடர்ந்து போயிருக்கிறேன். அந்த நாய் அதன்பிறகு எந்நாளும் எனக்குப் பாதத்தை நீட்டவில்லை. வெள்ளை நகத்தில் உள்ளே ஓடும் இரத்தக்குழாய் இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது என்பதால் அரிசி கனத்துக்குச் சீவிச் சீவி எடுத்து, வெட்டு முகத்தின் நடுவில் கரும்புள்ளி தோன்றியதும் நிறுத்திக்கொள்ள வேண்டும். தவறிப்போய் இரத்தம் வந்தால் சோளமாவையோ மைதாவையோ வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். காலின் உட்புறத்தில் தரையைத் தொடாமல் தொங்கும் ஒற்றை நகத்தை மறந்துவிடாதீர்கள். தேய்வதற்கு வழியில்லாமல் வளையமாகச் சுருண்டு சதைக்குள்ளேயே இறங்கிவிடும். மணியின் மற்ற நகங்களைக் கல்லும் மண்ணும் தேய்த்துக் கொடுத்துவிடும், அந்த ஒன்றைத் தவிர. பல்லுக்கு நம் பற்பசை கூடாது. நாய்க்கான பசையை விரலில் சுற்றிய துணியில் தொட்டுத் தேய்க்கலாம்.

மணியை நினைத்தால்தான் எனக்குச் சற்றுத் தயக்கம். யாரும் தொட்டுப் பழகாத காவல் நாயைத் திடீரென்று இரண்டு பேர் பிடித்துக் குளிப்பாட்டினால் கடி நிச்சயம், குற்றம் அவன்மேல் இல்லை. குட்டை முடி நாட்டு நாய்க்குக் குளியல் அவ்வளவு அவசியமும் இல்லை. முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தோரம் மட்டும் தடவுங்கள். சாப்பிடும்போது வேண்டாம், தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டுபோகவும் வேண்டாம். பிறகு தோள், முதுகு, இன்னும் சில நாள்களில் காது, கடைசியாகப் பாதம் என்று அவன் விட்டுக்கொடுக்கும் அளவுக்கு முன்னேறுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு கருவாடோ அவித்த ஈரலோ கொடுத்தால் பாடம் வேகமாக ஏறும். அதன்பின் ரப்பர் பிரஷாலோ சற்று முரட்டுத் துணியாலோ வாரம் ஒருமுறை தேய்த்துவிட்டால் அவனுக்குப் போதும். தொட்டுப் பழகிய நாய்க்கு ஊசி போடுவதும் எளிது, அடிபட்டால் கட்டுப் போடுவதும் எளிது. ஒரு மாதம் இதற்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். ஆனால் இதைத் தொடங்கும் முன் இரண்டு நாய்களுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு ஓராண்டு கடந்துவிட்டதா என்று பார்த்து, கடந்திருந்தால் முதலில் அதைப் போட்டுவிடுங்கள். வீட்டு நாயே ஆனாலும் பல்லோ நகமோ பட்டு இரத்தம் வந்தால், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

இதில் உங்களுக்கும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாயின் உடலில் வட்டமாக முடி உதிர்ந்து ஓரம் சிவந்திருந்தால் அது படையாக இருக்கலாம். காது விளிம்பிலும் முழங்கையிலும் தடித்த பொருக்குடன் இரவெல்லாம் சொறிந்தால் ஒருவகைச் சொறிப்பூச்சியாக இருக்கலாம். இரண்டும் நமக்கும் ஒட்டும். வீட்டில் யாருக்காவது அதே நேரத்தில் அரிப்பு தொடங்கியிருந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள், சீப்பைக் கொதிநீரில் போடுங்கள். இப்படி எதுவும் இல்லாத நாளில், பொழுது சாயும் நேரத்துத் திண்ணையில் கால்மணி நேரம் ஒரு நாயைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பது சீவுகிறவரின் மன இறுக்கத்தையும் தளர்த்துகிறது என்பதை நான் பார்த்துத்தான் சொல்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு இரத்தக்கொதிப்புக்கு மாத்திரை போடுகிற ஒருவர், மாத்திரையோடு இதையும் தினசரிக் கணக்கில் வைத்திருக்கிறார்.

சீப்பினால் ஆகாதவையும் உண்டு. தினமும் தயிர்ச்சோறு மட்டும் சாப்பிடுகிற நாயின் முடி எத்தனை சீவினாலும் மங்கலாகத்தான் இருக்கும்; முட்டை, கோழி, மீன் என்று புரதமும் கொழுப்பும் சேர வேண்டும். அரிப்பே இல்லாமல் இரண்டு விலாப்புறங்களிலும் ஒரே மாதிரி முடி உதிர்ந்து, நாய் மந்தமாகவும் பருத்தும் போனால் தைராய்டைப் பார்க்க வேண்டும். கோல்டன் இனத்தில் அது அபூர்வமில்லை. முடி கொட்டுவது வேறு, வழுக்கை விழுவது வேறு. முன்னது இயல்பு, பின்னது நோய்.

சிம்பாவின் சொறிக்கு இதுதான் காரணம் என்று கடிதத்தைப் பார்த்துச் சொன்னால் அது மருத்துவம் ஆகாது, ஜோசியம். குளியல் மிகுதி, காயாத உள்முடி, உண்ணி, காதுப் பூஞ்சை என்று நான்கும் கலந்திருக்க இடம் இருக்கிறது. தோலைச் சுரண்டி உருப்பெருக்கியில் பார்த்தால் பாதி தெளிவாகிவிடும். இன்று முதல் ஷாம்பை நிறுத்திவிட்டுச் சீவ மட்டும் செய்யுங்கள். சீப்பில் மிளகுத்தூள்போல் கறுப்புத் துகள் வந்தால் நனைத்த வெள்ளைத் துணியில் உதறிப் பாருங்கள்; துகளைச் சுற்றிச் செந்நிறம் கசிந்தால் அது மண் இல்லை, தெள்ளுப்பூச்சி குடித்துக் கழித்த இரத்தம். பத்து நாளில் சொறி குறையவில்லை என்றால் அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போகும் முன் 3 நாளாவது குளிப்பாட்ட வேண்டாம், காதையும் துடைக்க வேண்டாம், சீப்பில் வந்த முடியை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துச் செல்லுங்கள். அழுக்காகக் கூட்டி வந்திருக்கிறோமே என்று கூச்சப்பட்டு, புறப்படும் நாள் காலையில் நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டி வருகிறவர்கள்தான் அதிகம். நாங்கள் பார்க்க வேண்டியது அத்தனையும் அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது.